நான் ஓட்டாத மலைப்பாதை

நூறுன்னு காட்டுது. டிவியில, கார் ரேஸ் ஆட்டத்துல, மேல வலது மூலையில, அந்த மஞ்சக் கட்டத்துக்குள்ள நூறு, பக்கத்துல சதவீதக் குறி. காலையில தொண்ணூத்தொம்பது. நான் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டு, படுத்து, எந்திரிச்சு, மூஞ்சி கழுவிட்டு வந்து டிவியைப் போட்டா நூறு. நான் ஓட்டலை. தூக்கத்துல எந்திரிச்சு வந்து ஓட்டியிருந்தா ஒழிய நான் ஓட்டலை. அதையுங்கூட சித்த நேரம் ரோசிச்சுப் பாத்தேன், பொய் சொல்லக் கூடாது. மூளைக்குள்ள ரத்தம் அடைச்சுப் பொழைச்சு வந்தவ எதையும் இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா காலையில தாரிணிகிட்ட போன்ல சொன்னனே, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, அந்த மலைப்பாதையில மட்டும் தங்கம் வாங்கிட்டா ஆட்டம் பூராவும் முடிஞ்சுதுன்னு. மகளும் கேட்டுட்டு சூப்பர்மான்னா. அப்ப சாட்சி இருக்குது. அப்பறம் இந்தச் சத்தம். டிவியில சத்தம் அடியோட கொறைஞ்சு கெடக்குது. நான் சத்தமில்லாம ஓட்டறவளே இல்ல, எஞ்சின் சத்தத்தை வச்சுத்தான் எனக்குக் கியரே தெரியும். கையில புடிக்கற அந்தக் கருவியை நான் எப்பவும் சோபா மேல வைப்பேன், இப்ப டீப்பாய் மேல, துணி மடிச்சாப்பல பவ்யமா உக்காந்துருக்குது. தொட்டுப் பாத்தேன். சூடு இருக்குதா இல்லையான்னு தெரியலை, என் கையே சூடுதான். சோபாவுல குனிஞ்சு பாத்தேன். கடலைத் தோலு ஒண்ணு. கடலை வறுத்தது முந்தாநேத்து. அது அன்னைக்கு விழுந்ததா, இன்னைக்கு விழுந்ததா? அட கெரகமே, கடலைத் தோலைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறனே, இதெல்லாம் ஒரு பொழைப்பா.

பொழைப்புத்தான். என் காரை விலைக்குக் கேட்டிருக்கற லோகநாதன் இன்னைக்குப் பொழுதோட வர்றாரு வண்டி பாக்க. அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு இந்த நூறை நம்பித்தான் வச்சிருந்தேன். யாருக்கும் இது கோமாளித்தனமாத்தான் தெரியும், தெரியட்டும். எங்க ஊரு கோபியில பூங்கொடி மகளிர் டிரைவிங் ஸ்கூல்னா தெரியாதவங்க கெடையாது. டாக்டரம்மா, டீச்சரம்மா, பால் சொசைட்டி அம்மா, எல்லாரும் என் பக்கத்துல உக்காந்து பழகுனவங்கதான். அவங்க வலது சீட்டு, நான் எடது சீட்டு. என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக்கு, ஒரு கிளட்ச்சு இருக்கும், அதைப் பாத்துட்டு எல்லாரும் காலுலதான் ஸ்கூல் நடக்குதுன்னு நெனைப்பாங்க. இல்ல. வலது கையிலதான் நடக்குது. பழகறவ எதிர்ல லாரியைப் பாத்து மிரண்டு ஸ்டியரிங்கை வாய்க்கா பக்கம் திருப்புவா பாருங்க, அப்ப அவ மூஞ்சியைக்கூடப் பாக்காம, பேசிட்டிருக்கற பேச்சைக்கூட நிறுத்தாம, இந்தக் கை போய்ப் புடிக்கணும். ரோசனை பண்ணிப் புடிச்சா வண்டி வாய்க்கால்ல கெடக்கும். அந்தக் கைதான் போச்சு. பூராப் போகலை, டாக்டரே சொன்னாரு, அதிர்ஷ்டம்மா உங்களுக்கு, லேசா தொட்டுட்டுப் போயிருச்சுன்னு. சோறு பிசையுது, கொக்கி மாட்டுது, கையெழுத்துப் போடுது. ஆனா எல்லாத்தையும் நான் சொன்னப்பறம் செய்யுது. முன்னெல்லாம் நான் சொல்றதுக்கு முந்தியே செஞ்சிட்டு நிக்கும். அந்த ஒரு நொடி வித்தியாசம் மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது. அதுல ஒருத்தி உசுரு இருக்குது. பயிற்சி குடுக்கற பொண்ணு ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லுச்சு, தாரிணி வந்து பாத்துட்டு, பந்தெல்லாம் உனக்கு ஒத்து வராதும்மான்னு இந்த கார் ரேஸை வாங்கி மாட்டிட்டுப் போனா. வலது ஆள்காட்டி விரல்ல ஆக்சிலேட்டர், வலது கட்டை விரல்ல ஹேண்ட்பிரேக்கு. திருப்பத்துல கட்டை விரல் அரை நொடி பிந்துனா வண்டி பள்ளத்துல. பாத்த ஒடனே எனக்குப் புரிஞ்சு போச்சு, இது விளையாட்டு இல்ல, பரிச்சை. கடற்கரை, பாலைவனம், பனி, மலைன்னு நாலு ஊரு, ஒவ்வொண்ணுலயும் கப்பு, ஒளிச்சு வச்சிருக்கற பலூன் பூராவும் இடிக்கணும், கடைசியா நேரத்தோட போட்டி. எல்லாம் முடிச்சா நூறு. மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன், என் கையால நூறு வந்துதுன்னா வண்டியை விக்கறதில்லை, லோகநாதன் வர்றதுக்குள்ள வரலைன்னா குடுத்தர்றது. அவருக்கு வீட்டு வண்டியாத்தான் வேணுமாம், அதனால அன்வர் பட்டறையில விட்டு என் பக்கத்துப் பெடல் ரெண்டையும் கழட்டியாச்சு. கழட்டி வச்ச பெடலைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து அன்னைக்கு நான் சாப்பிடலை. இப்ப நூறு வந்துருச்சு. ஆனா யார் கையால?

தாரிணியா இருக்குமோ. இருக்கும். அவ பெங்களூர்ல இருந்தே ஆடலாமாம், ரெண்டு வீட்டுலயும் ஒரே கணக்குத்தான், இங்க விட்ட எடத்துல அங்க புடிச்சுக்கலாம்னு அவளே ஒருக்கா சொன்னா. அப்ப நான் காதுல வாங்கலை, இப்ப அந்த வார்த்தை பளிச்சுனு வந்து நிக்குது. அவகிட்ட மட்டுந்தான், நூறு வந்தா வண்டியை விக்கறதில்லைங்கற என் நேர்த்தியையும் சொல்லியிருக்கறேன், போன வாரம், அழுகை வர்றாப்பல இருந்தப்ப வாய் தவறி. அம்மா பாவம், கடைசி ஒண்ணு வரமாட்டேங்குது, நாம முடிச்சு வச்சுட்டா வண்டியை விக்காம இருப்பா. இப்படி நெனைக்கற புள்ளைதான் அவ. சின்னதுல நான் கோலம் போட்டு முடிக்கறதுக்குள்ள அக்கட்டால, எதிர்ப் பக்கத்துல இருந்து புள்ளியைச் சேத்துட்டு நீதாம்மா போட்டேன்னு சொல்லுவா. போன் போட்டேன். மூணாவது மணியில எடுத்தா. "அம்மா, மீட்டிங்ல இருக்கறேன், என்னாச்சு, கை மரத்துப் போச்சா?" அதுதான் மொத வார்த்தை, எப்பவும் அதுதான். "ஒண்ணுமில்ல, நீ இன்னைக்கு ஆட்டம் ஆடுனியா?"ன்னேன். "என்ன ஆட்டம்? வேலை நாள்லயா? அம்மா, நெஜமா நல்லா இருக்கியா?" அந்த நெஜமாங்கற வார்த்தையில ஒரு பயம் இருந்துது. பொய் சொல்றவளுக்கும் பயம் இருக்கும், அம்மாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு நெனைக்கறவளுக்கும் பயம் இருக்கும், போன்ல ரெண்டுக்கும் ஒரே குரலுதான். "அப்பா எங்க?"ன்னா. "டீத்தூள் வாங்கப் போறதாச் சீட்டு எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு." "சரி, வந்தா எனக்கு ஒரு போன் போடச் சொல்லு." ஏன், அவரு எதுக்கு உனக்குப் போன் போடணும்? என்கிட்டப் பேச முடியாததை அவர்கிட்டப் பேசணுமா? கேக்கலை. வச்சிட்டேன். வச்சப்பறந்தான் டீத்தூள்னு நான் சொன்னதே எனக்கு உறைச்சுது.

போய் டப்பாவைத் திறந்து பாத்தேன். முக்கா டப்பா இருக்குது. முக்கா டப்பா டீத்தூளை வச்சுக்கிட்டு ஒரு மனுசன் எதுக்கு வெயில்ல டீத்தூள் வாங்கப் போகணும்? நாச்சிமுத்து. என் வீட்டுக்காரரு. மின்வாரியத்துல இருந்து ஓய்வு வாங்கி வீட்டோட இருக்கறவரு, காரோட்டத் தெரியாதவரு. ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக் குடுத்தவளோட புருசனுக்கு ஓட்டத் தெரியாது, கோபியில இது ஒரு பேச்சு, பஸ் ஸ்டாண்டுல டீக் கடையில அவரை ஓட்டாத ஆளு கெடையாது. கேட்டா, வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்பாரு. எனக்குத் தெரியும், பயம். கம்பத்துல ஏறுன மனுசனுக்கு ஸ்டியரிங்னா பயம். அவரு இதைத் தொட்டிருப்பாரா? டிவி ரிமோட்டுலயே சேனல் மாத்தறதுக்கு என்னைக் கூப்புடறவரு. ஆனா கூப்புடறது நெஜமாத் தெரியாமயா, நான் எந்திரிச்சு நடக்கட்டும்னா? இப்படித்தான் போகுது ரோசனை, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. லோகநாதனைக் கூட்டிட்டு வந்ததே இவருதான். விக்கலாம்னு பேச்சு வந்த ஒரு வாரத்துக்குள்ள ஆளைப் புடிச்சிட்டாரு, எனக்கு அப்பவே சந்தேகம், விக்கறதுக்கு இத்தனை அவசரமா? நான் திரும்ப ரோட்டுக்குப் போயிருவேனோன்னு பயந்து வண்டியைத் தள்ளிவுடப் பாக்கறாருன்னு நெனைச்சேன். அப்படின்னா எனக்கு நூறு வரக்கூடாதுன்னுல்ல அவரு நெனைக்கணும், எதுக்கு வர வைக்கணும்? ஒரு வேளை தாரிணி சொல்லியிருப்பா, அம்மா இப்படி நேர்த்தி வச்சிருக்கா, வண்டியை வித்தா உசுரு விட்டுருவா, முடிச்சு வச்சிருங்கப்பான்னு. பரிதாபம். எனக்குப் பரிதாபத்தோட மணம் தெரியும், நானே எத்தனை பேருக்கு அதைச் செஞ்சிருக்கேன். மொத நாள் வந்த பொண்ணு நடுங்குனா, என் பக்கத்து பிரேக்கை நைஸா மிதிச்சு வண்டியை நிறுத்திட்டு, பாத்தியா, நீயேதான் நிறுத்துனேம்பேன். அவ மூஞ்சி மலரும். தொழிலுக்கு அது வேணும், மொத நாளைக்கு மட்டும். ஆனா நான் மொத நாள் வந்தவளா?

இன்னொண்ணு இருக்குது, அதை நெனைக்கக் கூடாதுன்னு ஒதுக்கி ஒதுக்கி வச்சிருந்தேன். இது மொதத் தடவை இல்ல. முந்தியும் இப்படி ஆயிருக்குது. எம்பதுன்னு விட்டுட்டுப் போனது எம்பத்திரெண்டா இருக்கும். இடிக்காத பலூன் இடிச்சதாக் காட்டும். பனி ஊருல நான் வாங்காத கப்பு ஒண்ணு அலமாரியில நிக்கும். ஒவ்வொரு தடவையும் மறந்துட்டேன்னுதான் நெனைச்சேன். கை மட்டும் இல்ல, மண்டையும் போச்சு, நான் செஞ்சது எனக்கே தெரியாமப் போகுது, இனி அடுப்பை எரிய விட்டுட்டு மறப்பேன், அப்பறம் வீட்டு வழி மறப்பேன், அப்பறம் தாரிணி பேரு. டாக்டர் கேட்டாரு, ஞாபகமெல்லாம் எப்படிம்மா இருக்குதுன்னு. நல்லா இருக்குதுங்கன்னேன். இவரு பக்கத்துலயே உக்காந்து தலையாட்டுனாரு. வெளிய வந்து கரும்புச்சாறு குடிச்சோம், எனக்கு வாயெல்லாம் கசந்துது. எத்தனை நாள் ராத்திரி என் சொந்தக்காரங்க பேரை ஒவ்வொண்ணா மனசுக்குள்ள சொல்லிப் பாத்திருக்கேன், ஒண்ணு விட்டுப் போனாலும் மொதல்ல இருந்து திரும்பச் சொல்லுவேன். இப்ப இந்த நூறைப் பாக்கறப்ப ஒரு பக்கம் பத்திக்கிட்டு வருது, இன்னொரு பக்கம் ஒரு நிம்மதி எட்டிப் பாக்குது, அப்ப மறந்தவ நான் இல்ல, எவரோ ஆடியிருக்காங்க. நிம்மதியை உள்ள விடலை. மொதல்ல யாருன்னு தெரியணும்.

அப்பத்தான் பேய் வண்டி ஞாபகம் வந்துது. நேரப் போட்டியில அது ஒரு வசதி. கடைசியா எந்த ஓட்டத்துல நல்ல நேரம் வந்துதோ, அந்த ஓட்டம் அப்படியே ஒரு கண்ணாடி வண்டியா நம்ம கூடவே ஓடும், அதை முந்தணும். தாரிணி அதை கோஸ்ட்டும்பா, நான் பேய் வண்டின்னு பேரு வச்சிட்டேன். மலைப்பாதையைத் திறந்தேன். மூணு, ரெண்டு, ஒண்ணு. நான் ஆக்சிலேட்டரைத் தொடலை, கோட்டுலயே நின்னுக்கிட்டு பேயை முன்னால போக விட்டு, அப்பறம் கண்ணுல இருந்து விடாமப் பின்னாலயே போனேன், எட்டுப் போடச் சொல்லிட்டுப் பின்னால நின்னு பாக்கற இன்ஸ்பெக்டராட்டம். ஒருத்தர் ஓட்டறதைப் பாத்தா நான் ஆளைச் சொல்லிருவேன். கையெழுத்தை மாத்தலாம், திருப்பத்துல திரும்பறதை மாத்த முடியாது. தாரிணின்னா கண்ணை மூடிக்கிட்டுப் போவா, தடுப்புச் சுவத்துல ஒரசி ஒரசித் திரும்புவா, அவளுக்கு நான் லைசென்ஸ் வாங்கிக் குடுத்ததே எனக்கு இன்னும் உறுத்தல். இது அவ இல்ல. இது ஒரு எடத்துலயும் ஒரசலை. எதிர்ல வண்டியே வராத பாதையில இந்தப் பேய் எடது ஓரமாவே போகுது. ஊசி வளைவு வர்றதுக்கு முன்னாலயே வேகத்தைக் கொறைக்குது, வளைஞ்சப்பறம் ஏத்துது. எறக்கத்துல ஒரு வளைவுல சித்த ஒதுங்கி நிக்கறாப்பல நின்னுட்டுப் போச்சு, பாருங்க, அதுலதான் எனக்குக் கையெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுது. வராத வண்டிக்கு. இந்த விளையாட்டுல எந்தக் கிறுக்கனும் இதைச் செய்ய மாட்டான். இது திம்பம் மலையில நான் சொல்லிக் குடுக்கறது, மேல ஏறுறவனுக்குத்தான் மொத உரிமை, எறங்கறவ ஒதுங்கி நில்லுன்னு. பழகுனவங்களைக் கடைசிப் பாடத்துக்கு திம்பத்துக்குக் கூட்டிட்டுப் போறப்பல்லாம் பொம்பளைங்க தனியா மலைக்குப் போகக் கூடாதுன்னு பின் சீட்டுல ஒரு ஆளு துணைக்கு வருவாரு. மேல இருக்கற கைப்பிடியைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, முருகா முருகான்னு. என் வீட்டுக்காரருக்குக் கண்ணுதான் மூடியிருந்துது, காது மூடலை போல. ஒரசாம, முட்டாம, விழுகாமப் போனதுல மிச்சமான நேரத்துலயே தங்கத்தை நூலிழையில வாங்கியிருக்குது. நான் எத்தனை நாளா மல்லுக்கட்டுன பாதை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துது. அதோட சேத்து, சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, நல்லா ஓட்டியிருக்காருன்னும் வந்துது.

கேட்டைத் திறக்கற சத்தம். செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டு, டீத்தூள் பொட்டலத்தை முன்னால நீட்டிக்கிட்டு வர்றாரு, சாட்சிக்குக் கொண்டு வர்றாப்பல. நான் டிவியை அமத்தலை. மஞ்சக் கட்டம் அப்படியே இருக்கட்டும்னு விட்டேன். அவரு டிவியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, டீத்தூளைப் பாத்தாரு. "ஏனுங்க, முக்கா டப்பா இருக்குது"ன்னேன். "அப்படியா, நான் பாக்கலை." "இதையும் பாக்கலையா?" டிவியைக் காட்டுனேன். வேட்டி நுனியில மூஞ்சியைத் துடைச்சாரு. "நீங்கதான?"ன்னேன். "ஆமா, நாந்தான்"னாரு. அவ்வளவு சுளுவா ஒத்துக்குவாருன்னு எதிர்பாக்கலை, சண்டைக்குத் தூக்கி வச்ச கையை எங்க எறக்கறதுன்னு தெரியலை. "எத்தனை நாளா?" "நீ தூங்குறப்ப பொழுது போகலை பூங்கொடி. ஒரு நா சும்மா எடுத்துப் பாத்தேன். பள்ளத்துல விழுந்தாலும் ஒண்ணும் ஆகலை. திரும்ப ரோட்டுலயே வச்சுருது. அட, இது பரவால்லையேன்னு..." "எத்தனை ஓட்டுனீங்க?" "எண்ணல. பலூன் பூராவும் நாந்தான். பனியில பாதி, இன்னைக்கு இந்த மலைத் தங்கம். மத்ததெல்லாம் நீ ஓட்டுனது." "மண்டை போச்சுன்னு நெனைச்சேன்"னு கத்திட்டேன். "நான் மறந்துட்டேன், எனக்கு ஞாபகம் போகுதுன்னு எத்தனை நாள் செத்துப் பொழைச்சேன் தெரியுமா உங்களுக்கு? டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன், பக்கத்துல உக்காந்து தலையாட்டுனீங்க." அவரு மூஞ்சி சாம்பலாப் போச்சு. கீழ உக்காந்துட்டாரு, சோபாவுல இல்ல, தரையில. "உனக்குத் தெரியும்னு நெனைச்சேன்"னாரு. "என்னது?" "நான் ஆடறது உனக்குத் தெரியும்னுதான் நெனைச்சுட்டு இருந்தேன். நீ விட்ட எடத்துல நான் புடிக்கறேன், நான் விட்ட எடத்துல நீ புடிக்கறே. ஒண்ணும் சொல்லாம ரெண்டு பேரும் சேந்து ஓட்டறோம்னு... நான் ஆடி வச்சதைப் பாத்தும் நீ ஒரு வார்த்தை கேக்கலையே. சரி, இவளுக்குப் பிடிச்சிருக்குது போலன்னு." இந்த வீட்டுல இப்படித்தான், கொழம்புல உப்புக் கொறைஞ்சாக்கூட யாரும் சொல்ல மாட்டாங்க, உப்பு டப்பா மட்டும் பக்கத்துல வந்து உக்காந்துக்கும். அதனால நம்பலாம். நம்பணும்னு ஆசையாவும் இருக்குது. அந்த ஆசைதான் சந்தேகத்தைக் கெளப்புது. "அப்பறம் எதுக்கு டீத்தூள்?" "தங்கம் வாங்குன ஒடனே கையும் ஓடலை காலும் ஓடலை. உன்னை எழுப்பிச் சொல்லலாம்னு வந்தேன், நீ அசந்து தூங்குனே. வீட்டுல இருந்தா எழுப்பிருவேன்னு சும்மா ஒரு நடை போயிட்டு வந்தேன்." "தாரிணி உங்களுக்கு ஒண்ணும் சொல்லலையா, என் நேர்த்தியைப் பத்தி?" "என்ன நேர்த்தி?"ன்னாரு. கண்ணை நேராப் பாத்துத்தான் கேட்டாரு. தெரியாதவரு கேக்கறாப்பலத்தான் இருந்துது. ஆனா சத்தத்தைக் கொறைச்சு வச்சு இத்தனை நாளா நான் தூங்கறப்ப ஆடுனவரும் இவருதான.

லோகநாதன் வந்துட்டாரு. ஜவுளிக் கடை வச்சிருக்கறவரு, சாயம் ஒட்டுன விரலோட கும்பிட்டாரு. "அக்கா, கை இப்ப எப்படிங்க இருக்குது? வண்டியைக் கொஞ்சம் வெளிய எடுத்துக் காட்டுனா ஒரு சுத்து பாத்துட்டு முடிவு சொல்லிருவனுங்க." வண்டியை எடுத்துக் காட்ட அன்வர் வர்றதாச் சொல்லியிருந்தாரு, ஆளைக் காணோம். ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவுல வண்டி ஒண்ணு போற அளவுதான் எடம், கேட்டுத் தூண் ரெண்டும் நெருக்கம், அதுல புது ஆளு எடுத்தா ஒரசாம வராது. நான் சாவியை எடுக்கலாமான்னு ரோசிச்சேன். ரோசிக்கறேன் பாருங்க, அதுதான் வெனை. என்ன பதில் சொல்றதுங்கறதே இன்னும் முடிவாகலை, நூறு இருக்குது, ஆனா அதுல எவ்வளவு என்னுதுன்னு இனி எந்தச் சாமிக்கும் தெரியாது. பரிச்சைத் தாள்ல ரெண்டு பேரு கையெழுத்துக் கலந்து போச்சு. அப்பத்தான் இவரு பின்னால இருந்து வந்து, "நான் எடுக்கறேன்"னாரு. லோகநாதன் சிரிச்சாரு. நான் சிரிக்கலை. "லைசென்ஸ் இல்லாம நீங்க எங்க எடுக்கறது"ன்னேன். "ரோட்டுக்கா போறேன்? நம்ம வாசலுக்குள்ளதான. நீ பக்கத்துல உக்காரு." முப்பது வருசமா மாட்டேன்னவரு, இன்னைக்கு, இந்த நேரத்துல, இந்த ஆளு முன்னால எதுக்கு? மலைப்பாதைல தங்கம் வாங்குன திமிரா? இல்ல என்னை வண்டியில ஏத்தறதுக்கா? ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து நான் அந்த எடது சீட்டுல உக்காந்ததில்லை. போய் உக்காந்தேன். காலை நீட்டுனா வெறும் தரை. பெடல் இருந்த எடத்துல ரெண்டு ஓட்டை, துணி வச்சு அடைச்சிருக்குது. இவரு ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பால் குண்டாவைப் புடிச்சாப்பலப் புடிச்சிருக்காரு. "கிளட்ச்சை முழுசா மிதிங்க. மொதக் கியர். இப்ப மெதுவா விடுங்க, மெதுவா." வண்டி துள்ளி நின்னு போச்சு. லோகநாதன் தள்ளி நின்னுக்கிட்டாரு. மறுபடியும். மறுபடியும் துள்ளி நின்னுது. பள்ளத்துல விழுந்தா திரும்ப ரோட்டுலயே வைக்கற விளையாட்டு இல்ல இது. மூணாவது தடவை எஞ்சின் புடிச்சுது, வண்டி நகந்துது, பாதி தூரம் நேராத்தான் போச்சு, நான் "ஆக்சிலேட்டரை இவ்வளவு அமுக்காதீங்க, அப்படியே நேரா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கறேன், கேட்டுக்கிட்ட வர்றப்ப ஸ்டியரிங் என் பக்கம் திரும்புது, எடது தூணு கண்ணாடி முன்னால பெருசா வருது, நான் இன்னும் "நேரா"ங்கற வார்த்தையை முடிக்கலை, கை போயிருச்சு.

கை போய் ஸ்டியரிங்கைக் கீழ இருந்து மேல தள்ளிருச்சு. வலது கை. வண்டி வலப்பக்கம் ஒடிஞ்சு ரெண்டு தூணுக்கும் நடுவுல போய்க் குலுங்கி நின்னுது, இவரு கடைசியில பிரேக்கைத்தான் மிதிச்சிருக்காரு. எடது பக்கக் கண்ணாடிக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு விரல் எடம். நான் அந்த எடத்தைப் பாக்கலை, கையைப் பாத்தேன். இன்னும் ஸ்டியரிங் மேலதான் இருக்குது, நடுக்கமில்லாம, அதோட வேலையை அது பாத்தாப்பல. நான் சொல்லலை. சத்தியமா நான் அதுகிட்ட ஒண்ணும் சொல்லலை. அடுத்த மூச்சுக்குள்ளயே சந்தேகம் வந்துருச்சு, நான் திருந்தற ஜென்மம் இல்ல. அவ்வளவு நேரம் நேராப் போன ஸ்டியரிங் எப்படி கரெக்டா கேட்டுக்கிட்ட வந்து என் பக்கமே திரும்புச்சு? வேணும்னே திருப்புனாரா? மலைப்பாதையில ஒரு எடத்துலயும் ஒரசாத மனுசன். தாரிணி சொல்லித்தான், ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான், அன்வர் வராததுகூட... திரும்பி இவரைப் பாத்தேன். நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது, முருகாங்கறாரு. பயந்தவனுக்கும் வேர்க்கும், நடிக்கறவனுக்கும் இந்த வெயில்ல வேர்க்கும். "வேணும்னே திருப்புனீங்களா?"ன்னு மெதுவாக் கேட்டேன். "எதை?"ன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கலை. இனிமே கேட்டும் புண்ணியமில்ல, சாகற வரைக்கும் இவரு சொல்லமாட்டாரு, நானும் நம்பமாட்டேன். நடிச்சிருந்தா நடிச்சிருக்கட்டும். அவரு நடிக்கறாரா இல்லையான்னு கைக்குத் தெரியாதே. அது பாட்டுக்கு வந்துது. லோகநாதன் ஜன்னல்கிட்ட வந்து குனிஞ்சு, "வண்டி நல்லா இருக்குதுங்க அக்கா, எஞ்சின் சத்தமே சொல்லுது, மேற்கொண்டு பேசிரலாமுங்களா?"ன்னாரு. "இல்லீங்க"ன்னேன். "தப்பா நெனைச்சுக்காதீங்க. இந்த வண்டியில ஒருத்தர் பழகிக்கிட்டு இருக்காரு." அவரு என்னமோ சொல்ல வாயெடுத்தாரு, நான் இந்தப் பக்கம் திரும்பிட்டேன். "நியூட்ரலுக்குக் கொண்டாங்க. கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு, மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னேன்.